துண்டுக்கு ஒரு கொட்டாங்கச்சி அரிசி

என் வயிறு நல்ல வயிறு இல்லை. காலையில் நான்கு மாத்திரை, மாலையில் மூன்று என்று எண்ணி விழுங்கும் இந்த வயதில் மட்டுமல்ல, இருபத்து நான்கு வயதிலும் அப்படித்தான் இருந்தது. புளி சேராது, பருப்பு சேராது, ஊறுகாயைப் பார்த்தாலே எரியும். அந்த வயிறு ஒரு குறையும் சொல்லாமல் தொடர்ந்து பத்தொன்பது நாள் இருந்தது. என் நினைவில் அதுபோல வேறொரு பத்தொன்பது நாள் இல்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஒரு பங்குனி மாதம்.

அப்போது நான் பக்கிங்காம் கால்வாயில் எழுத்தர். முட்டுக்காட்டுக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்கு வடக்கே, கரைமேல் ஓர் ஓட்டுக் கொட்டகை. அதன் வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். போகிற வருகிற சரக்குப் படகுகளை எண்ணி, உப்பா, நெல்லா, சவுக்கு விறகா என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நாளைக்கு இருபது, முப்பது படகுகள் வரும். மற்ற நேரத்தில் எண்ண வேறு ஏதாவது தேடிக்கொள்வேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தால் நாற்பத்தொரு பனை தெரியும். எழுந்து நின்றால் நாற்பத்து மூன்று.

கொட்டகைக்குக் கிழக்கே உப்பங்கழி அகலமாகப் பரந்து கிடக்கும். அதன் நடுவே ஒரு மணல் திட்டு. திட்டுக்கு அப்பால் கடல். அந்தத் திட்டின் மேல் பதின்மூன்று வீடுகள் இருந்தன. நான் வேலைக்கு வந்தபோது பதினைந்து. இரண்டு குடும்பங்கள் அதற்குள் கரைக்கு வந்துவிட்டன. ஆண்கள் வலை போடுவார்கள், பெண்கள் கிளிஞ்சல் அள்ளுவார்கள். திட்டில் தோண்டினால் உப்புத்தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் முழுவதும் என் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணற்றிலிருந்து படகில் போனது. நடந்து போக வழியில்லை. தொடையளவு சேறு, சேற்றுக்குள் காலைக் கிழிக்கிற சிப்பி. ஒரே ஒரு படகு, அதை ஓட்ட ஒரே ஒரு படகுக்காரர்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பதினொரு ஒட்டு இருந்தது. நான் எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டாவது ஒட்டு போடப் பலகையில் நல்ல இடம் இல்லை என்று படகுக்காரரே சொன்னார். ஒருவர் துழாவினால் ஒருவர் தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு மழைக்காலம் அது தாங்காது. புதுப் படகு வாங்க அந்தப் பதின்மூன்று வீட்டுக்கும் வக்கில்லை. படகு போனால் குடிதண்ணீர் போகும். குடிதண்ணீர் போனால் எல்லோரும் கரைக்கு வந்து ஆளுக்கொரு மூலையில் குடிசை போட வேண்டியதுதான். இது அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொரு விஷயமும் சொன்னால்தான் மேலே போக முடியும். கரையில், படகு நிற்கிற இடத்தில், இரண்டு மூங்கில் நட்டு ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். திட்டுக்காரர்கள் கரையிலிருந்து வீடு திரும்பினால் ஒரு கூவல் போதும், படகு வரும். வெளியாள் வந்தால் கூவக்கூடாது. தன் துண்டை அந்தக் கயிற்றில் போட வேண்டும். மீன் வாங்க வருகிறவன், வளையல்காரி, பெண்ணெடுத்த வீட்டுச் சொந்தம், யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு துணி. பெண்கள் தலைச் சும்மாட்டைப் பிரித்துப் போடுவார்கள். குழந்தை இருந்தால் சின்னத் துணி ஒன்று.

துணியைப் பார்த்துப் படகு மட்டும் வராது. திட்டில் உலையும் ஏறும். அங்கே வெளியாளுக்குச் சோறு போடுவது வீட்டுக்கு ஒரு நாள் முறை. உடைந்த துடுப்பு ஒன்று, யார் வீட்டு முறையோ அந்த வீட்டு வாசலில் சாத்தியிருக்கும். அந்த வீட்டுக்காரி கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கயிற்றைப் பார்ப்பாள். ஒரு துண்டுக்கு ஒரு கொட்டாங்கச்சி அரிசி. சின்னத் துணிக்கு அரைக் கொட்டாங்கச்சி. படகு போய் ஆளை ஏற்றிக்கொண்டு, டப்பாவால் மொண்டு மொண்டு திரும்புவதற்குள் சோறு வெந்திருக்கும். வந்தவர் சாப்பிட்ட பிறகுதான் எந்தப் பேச்சும். வந்த காரியம் பாம்புக்கடியாக இருந்தால் மட்டும் விலக்கு.

பங்குனி பிறக்கும் முன் செங்கல்பட்டு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. திட்டுக்காரர்கள் போன வருஷம் கொடுத்த மனுவுக்குப் பதில். வெளியாட்கள் போய்வருகிற படகுத்துறையாக இருந்தால் சர்க்கார் செலவில் படகு உண்டு, ஊர்க்காரர்கள் மட்டும் கடந்தால் கிடையாது. முதல் தேதியிலிருந்து முப்பது நாள் எழுத்தர் எண்ண வேண்டும். நூற்றிருபது வெளியாட்களாவது திட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒருவரை ஒரு நாளில் ஒரு முறைதான் எண்ணலாம். குழந்தைகள் அரை. சர்க்கார் வேலையாகக் கடப்பவர்களைச் சேர்க்கக்கூடாது. கடைசிக் கட்டத்தில், வந்த காரியம் என்ன என்று எழுத வேண்டும்.

எனக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. கயிறு என் வாசலிலிருந்து தெரிகிற தூரம்தான். துணியை எண்ணுவேன், படகுக்காரரிடம் யார், என்ன காரியம் என்று கேட்டு எழுதுவேன்.

பதினோராம் நாள் மாலை கூட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு. அந்தக் கணக்கில் போனால் முப்பது நாளில் நூற்று மூன்றோ நான்கோ வரும். பதினாறு ஆள் குறையும். மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் முப்பத்தெட்டுதான்.

தண்ணீர் எடுக்க வந்த படகுக்காரரிடம் தாளைப் படித்துக் காட்டிக் கணக்கைச் சொன்னேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் வெற்றிலை அடக்கியே அந்தப் பக்கம் தொங்கிப்போனவர்.

"கொறையுதா? எத்தினி?"

"பதினாறு."

"அடடா" என்றார், யாருக்கோ காய்ச்சல் என்று கேட்டதுபோல.

நான் சுற்றிலும் பார்த்தேன். நாற்பத்தொரு பனையைத் தவிர யாரும் இல்லை. "அண்ணாத்தே, நான் துணியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கயிற்றில் தினம் ஒரு துண்டு கூடுதலாக இருந்தால், எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சொல்லும்போதே காது சுட்டது. அதற்கு முன் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியவன் இல்லை.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "இன்னா ரைட்டரே, படிச்ச ஆளு பேசற பேச்சா இது? துண்டு கயித்துல வுயுந்தா அங்க அரிசி வுயும். ஆள் இல்லாத சோத்த யாரு துன்றது?"

"அந்த வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டால்? இது சும்மா போட்ட துண்டு என்று?"

"ஒரு தபா சொம்மா துண்டுன்னு சொல்லிட்டா, அப்பால நெசத் துண்டப் பாத்தும், 'இதுவும் சொம்மாவா'ன்னு குந்திகினு இருப்பா. வந்தவன் பட்னியா பூடுவான். படகு வரும், ஊரு பூடும்." வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"செங்கல்பட்டு."

"அப்ப நீ வெளியாளுதான?"

"ஆமாம்."

"வாயேன். ரெண்டு வருசமா எதுத்தாப்புல குந்திகினு எங்க வூட்டு எண்ணிக்க எயுதிகினுகீற. ஒரு நாளு வந்து கைய நனைச்சியா?"

உண்மைதான். நான் ஒரு முறைகூடத் திட்டுக்குப் போனதில்லை. படகின் பதினொரு ஒட்டையும் எண்ணியவன் அதில் எப்படி ஏறுவான்?

தாளை மறுபடி படித்தேன். சர்க்கார் வேலையாகக் கடப்பவர்களைத்தான் சேர்க்கக்கூடாது. பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை எனக்கு இடைவேளை. இடைவேளையில் நான் யாரோ ஒரு செங்கல்பட்டுக்காரன். மறுநாள், பன்னிரண்டாம் நாள், பன்னிரண்டு அடித்ததும் கொட்டகையைப் பூட்டி, என் துண்டைக் கயிற்றில் போட்டேன். பதிவேட்டில் அன்றைய கடைசி வரி இப்படி இருந்தது: கால்வாய் எழுத்தர், ஒருவர். வந்த காரியம்: சாப்பாடு.

முதல் நாள் பயத்தில் டப்பாவை நானே வாங்கிக்கொண்டேன். கரையிலிருந்து திட்டு வரை எண்பத்து நான்கு டப்பா தண்ணீர் வெளியே போயிற்று. வெறுங்கையோடு போக மனமில்லாமல் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அரிசி கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பெரியவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு குடம்.

மடவை மீன் குழம்பு, புளி கொஞ்சம் தூக்கல். இரவு என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வீட்டில் இறால், மூன்றாம் வீட்டில் சிப்பியை வேகவைத்த மட்டிக்கறி. ஒவ்வொன்றுக்கும் பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாளும் என் வயிற்றைக் கெடுத்தது புளியா, நான் தனியாகப் பொங்கித் தின்ற சோறா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

ஆறாம் நாள் முறை திட்டின் கடைசி வீட்டுக்கு. அந்த வீட்டுக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் கடலில் இருந்தால் அவர் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசுகிறவள். நான் இலையில் இருந்த மீன்முள்ளை வரிசையாக ஓரத்தில் வைப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா தம்பி, முள்ள எண்றியா?"

"பழக்கம்."

"எத்தினி கீது?"

"இருபத்தாறு."

"இருவத்தேயு இருக்கணுமே. ஒன்னு தொண்டைல மாட்டிகினு கீதோ இன்னாவோ!" என்றாள். நான் எச்சிலை விழுங்கிப் பார்த்துக்கொண்டதைக் கண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நாளிலிருந்து எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், "எத்தினி முள்ளு?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கணக்குக் கேட்டு என்னைத் தேடி வந்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் பங்குனி பிற்பாதியில் மீன் குறைந்தது. மீன் வாங்குகிறவர்களும் குறைந்தார்கள். தினமும் நான் ஒருவன் சேர்ந்தும் கணக்கு நொண்டியது. இருபத்தொன்பதாம் நாள் மாலை கூட்டினால் நூற்றுப் பதினேழு. முப்பதாம் நாள் காலை ஒரு வளையல்காரி மகளோடு வந்தாள். ஒன்றரை. பன்னிரண்டு மணிக்கு நான் போனால் ஒன்று. ஆக நூற்றுப் பத்தொன்பதரை.

அரை ஆள். அரை ஆளுக்கு ஒரு படகு போகப் போகிறது. காலை முழுவதும் கரையின் இரு பக்கமும் பார்த்தேன். வளையல்காரிக்குப் பிறகு கடவுள் இன்னொரு குழந்தையைக்கூட அந்தப் பக்கம் அனுப்பவில்லை. எத்தனை சரக்குப் படகு போயிற்று என்று இன்று கேட்டால் சொல்ல முடியாது. அதற்காகவும் இன்றுவரை வருத்தம்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் கரைமேல் சைக்கிள் ஒன்று வந்தது. காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, வியர்வை. எங்கள் ஓவர்சியர். நல்ல உயரம், உயரத்துக்கு மேல் பருமன். இறங்கியதும் பதிவேட்டைக் கேட்டார்.

"ஏம்ப்பா, பதினெட்டு நாளா ஒரே வரி வருது. எழுத்தர் ஒருவர், சாப்பாடு. வாராவாரம் தாளைப் பார்த்து ஆபீஸே சிரிக்குது. நெசமாவே சாப்பிடத்தான் போறியா?"

"ஆமாம் சார்."

"இடைவேளையிலயா?"

"பன்னிரண்டிலிருந்து இரண்டு, சார்."

"ஒரு எழுத்தன் தினம் படகேறிப் போய்ச் சாப்பிடற அளவுக்கு அங்க என்ன இருக்கு? நானும் வர்றேன், வா."

கொட்டகையைப் பூட்டினேன். கயிற்றடிக்குப் போய் என் துண்டைப் போட்டேன். வழக்கத்தைச் சொன்னேன். அவரிடம் துண்டு இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கயிற்றில் மாட்டினார்.

"சார், கைக்குட்டை வந்து..." என்றேன்.

"அழுக்குங்கிறியா? காலையிலதான் துவைச்சது."

மேலதிகாரியிடம் இரண்டாம் முறை ஒன்றைச் சொல்லும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. திட்டில் ஒரு பெண் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்ப்பது தெரிந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரியும்: ஒன்றரைக் கொட்டாங்கச்சி.

படகுக்காரர் ஓவர்சியரைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மறுபடி ஓவர்சியரைப் பார்த்தார். "ஐயா நட்ட நடுவுல குந்துங்க. அந்த டப்பாவ எடுத்துக்குங்க. சொம்மா வந்தீங்கன்னா எல்லாரும் நீஞ்சிகினுதான் போவணும்."

ஓவர்சியர் மொண்டார். அன்றைக்கு நூற்றுப் பதினொரு டப்பா. கால்சட்டை முழுக்க நனைந்து, பாதி வழியிலேயே, "என்னய்யா இது, படகா சல்லடையா?" என்றார்.

"மனுல அத்தத்தான் எயுதிகீது" என்றார் படகுக்காரர்.

உடைந்த துடுப்பு அன்று கடைசி வீட்டு வாசலில் இருந்தது. பதின்மூன்று வீடும் சுற்றி, முள்ளுக்காரியிடமே முறை திரும்பியிருந்தது. அவள் வாசலுக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கொயந்த எங்க?"

ஓவர்சியரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"சின்னத் துணி ஒன்னு கீதே, கொயந்த எங்க? படகுல தூங்குதா?"

நான் ஓவர்சியரைக் கை காட்டினேன். வேறு என்ன செய்வது? உள்ளே ஒரு பெரிய இலையும் ஒரு சின்ன இலையும் போட்டிருந்தது. சின்ன இலையில் குழைய வடித்த சோறு, காரம் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன். ஓவர்சியர் அந்த இலையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வாய் பேசுகிறவள், அன்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்தவருக்குச் சோறு பற்றாமல் போவது அந்தத் திட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றினார். சின்ன இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் இலையைத் தாண்டி வெளியே இருந்தன. "எங்கம்மாவுக்கு அப்புறம் எனக்கு யாரும் முள் எடுத்துக் குடுத்ததில்லைம்மா. போடுங்க" என்றார். நான்கு வாயில் இலை காலி.

அதற்குள் படகுக்காரர் வெளியே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டி சோறு வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இறால். அப்புறம் மட்டிக்கறி, கருவாட்டுக் குழம்பு, நேற்றைய குழம்பு, சுட்ட மீன். நான் எண்ணினேன்: அவள் வீட்டோடு சேர்த்து ஏழு வீடு. சின்ன இலையை எடுத்துவிட்டுப் பெரிய இலை போட்டார்கள். அவளுக்குப் பேச்சு திரும்பி வந்தது.

"கொயந்த நல்லா துன்னுது" என்றாள்.

ஓவர்சியருக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் கை கழுவிக்கொண்டு வந்து, பதிவேடு எங்கே என்றார். நான் அதைக் கக்கத்தில் வைத்திருந்தேன். என்றுமே விட்டுவிட்டு வந்ததில்லை.

"கூட்டு எவ்வளவு?"

"என்னைச் சேர்த்து நூற்றுப் பத்தொன்பதரை, சார்."

"நூற்றிருபது வேணும், இல்ல?"

"ஆமாம் சார்."

வீட்டுக்காரி, படகுக்காரர், சட்டி கொண்டுவந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அந்த அரை தெரியும்.

"கயித்துக் கணக்குப்படி நான் எவ்வளவு?" என்று கேட்டார்.

"அரைதான்" என்றாள் அவள், நான் வாய் திறக்கும் முன்.

"அரையே போதுமே" என்றார் படகுக்காரர்.

"யோவ், நான் என்ன அரை ஆளா? முழுசா எழுதுய்யா" என்றார் ஓவர்சியர்.

நான் பேனாவைத் திறந்தேன். திறந்தவன் எழுதவில்லை. சர்க்கார் வேலையாகக் கடப்பவர்களைச் சேர்க்கக்கூடாது என்ற வரி கண்ணுக்கு முன்னால் நின்றது. பதிவேட்டைச் சோதிக்கச் சைக்கிள் மிதித்து வந்தவர் இவர். இது வேலை இல்லாமல் வேறு என்ன? வாசலில் நிற்பவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பேன் என்று பயம்.

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். மடியில் பதிவேட்டை வைத்து, ஓவர்சியர், ஒருவர் என்று அவரே எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்து கொஞ்சம் நிறுத்தி, இலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினார்: சாப்பாடு. கீழே கையெழுத்துப் போட்டார். கூட்டுத்தொகையை மட்டும் என்னிடம் விட்டார். நூற்றிருபதரை என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன் படகு வந்தது. ஒட்டே இல்லாத படகு. எண்ண ஒன்றுமில்லாமல் முதல் முறை அதில் போனபோது எனக்குக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய படகைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மீன் காய வைத்தார்கள். நான் அங்கே வேலை பார்த்த மற்ற நான்கு வருஷமும் பதின்மூன்று வீடு பதின்மூன்றாகவே இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் சைக்கிளிலிருந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. ஏறத்தாழ ஆறு நிமிஷம் இருந்தது. அந்த ஆறு நிமிஷம் அவர் வேலையில்தான் இருந்தார். ஆனால் கயிற்றில் கைக்குட்டை ஏறும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கொட்டகையைப் பூட்டியது நான்தான், பன்னிரண்டுக்கு முன் நான் பூட்டுகிறவன் இல்லை. தவிர, ஏழு வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர் சாப்பிட வரவில்லை என்று நான் எப்படி எழுதுவேன்? அவர் இலையோரம் கிடந்த முள் எழுபத்திரண்டு. முதல் இலையில் ஒன்றுகூட இல்லை.